கடைசிப் பக்கத்தில் சாப்பாடு இருக்கிறதா?

கேள்வி இது: “மகனுக்கு மூன்றரை வயது. வீடு, சாப்பாடு, சேட்டை மூன்றும் வருகிற படப் புத்தகம் என்றால்தான் மடியில் உட்காருகிறான். சேட்டைக்காரப் பிள்ளைகளின் கதையைப் படித்துக் காட்டினால் அதையேதான் கற்றுக்கொள்வான் என்கிறார் மாமியார். என்ன மாதிரிப் புத்தகங்கள் வாங்கலாம்? எப்படிப் படித்துக் காட்டுவது?”

உங்கள் மாமியார் சொல்வதை ஒரு காலத்தில் ஐரோப்பாவே சொல்லிக்கொண்டிருந்தது. அதற்கேற்ற புத்தகங்களும் வந்தன. 1844 கிறிஸ்துமஸ் சமயம், ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரத்து டாக்டர் ஹைன்ரிக் ஹாஃப்மன் தன் மூன்று வயது மகனுக்குப் பரிசாக ஒரு படப் புத்தகம் தேடினார். கடையில் இருந்த எதுவும் பிடிக்கவில்லை. வெற்று நோட்டு ஒன்றை வாங்கி வந்து தானே எழுதி, தானே படமும் வரைந்தார். அடுத்த வருடம் அச்சுக்குப் போன அந்தப் புத்தகம்தான் ‘ஸ்ட்ரூவெல்பேட்டர்’. அதில் காஸ்பர் என்று ஒரு பையன். கொழுகொழு என்று இருப்பான். ஒருநாள் “சூப் வேண்டாம், குடிக்கவே மாட்டேன்” என்று அடம்பிடிக்கிறான். அடுத்த படத்தில் கொஞ்சம் இளைத்திருக்கிறான். அதற்கடுத்த படத்தில் இன்னும். நாலாம் நாள் நூலாகிவிடுகிறான். ஐந்தாம் நாள் செத்துப்போகிறான். கடைசிப் படம் அவனுடைய கல்லறை. அதன் மேல் சூப் பாத்திரம்.

1865இல் வில்ஹெல்ம் புஷ் வரைந்த ‘மாக்ஸும் மோரிட்ஸும்’ இன்னும் ஒரு படி மேலே போனது. இரண்டு போக்கிரிப் பையன்கள். ஒரு விதவைப் பாட்டி கோழிகளை வறுத்துக்கொண்டிருக்கும்போது கூரையில் ஏறி, புகைபோக்கி வழியாகத் தூண்டில் விட்டு ஒவ்வொன்றாகத் தூக்கிவிடுகிறார்கள். ரொட்டிக்கடைக்குள் நுழைந்து மாவுத் தொட்டியில் விழுகிறார்கள். கடைக்காரர் அவர்களையே ரொட்டியாகச் சுட்டுவிட, உள்ளிருந்து தின்றுகொண்டே வெளியே வருகிறார்கள். கடைசியில் மாவு மில்லில் அரைபட்டு நொய்யாகி வாத்துகளுக்குத் தீனியாகிறார்கள். ஊரில் ஒருவர்கூட வருத்தப்படுவதில்லை. சேட்டை செய்தால் முடிவு இதுதான் என்று புத்தகம் சொல்கிறது. பிள்ளைகளுக்கு நினைவில் நிற்பதோ தூண்டிலும் கோழியும்தான். பயமுறுத்தும் கதைகளில் இது ஒரு வேடிக்கை. தண்டனையை எழுதுவதற்காகச் சேட்டையை விலாவாரியாக வரைய வேண்டியிருக்கிறது.

1902இல் பியாட்ரிக்ஸ் பாட்டரின் ‘பீட்டர் ராபிட்’ வெளியானபோது தண்டனை குறைந்துவிட்டது. தன் பழைய ஆசிரியையின் மகன், ஐந்து வயதுக்காரன், உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தபோது 1893இல் அவனுக்கு எழுதிய படக் கடிதம்தான் அதன் மூலம். மெக்ரிகர் தோட்டத்துக்குப் போகாதே, உங்கள் அப்பா அங்கே போய்த்தான் அந்த வீட்டு அம்மா கையால் ‘பை’ பலகாரம் ஆனார் என்று தாய் முயல் எச்சரித்துவிட்டுப் போகிறது. குட்டி பீட்டர் நேராக அங்கேதான் போகிறது. கீரை, பீன்ஸ், முள்ளங்கி என்று வயிறு முட்டத் தின்றுவிட்டு மாட்டிக்கொள்கிறது. எப்படியோ சட்டையையும் செருப்பையும் விட்டுவிட்டு வீடு வந்து சேர்கிறது. அம்மா திட்டுவதில்லை. படுக்கவைத்து, நம் வீட்டு ஓமத்தண்ணி மாதிரி ஒரு ஸ்பூன் சாமந்தித் தேநீர் கொடுக்கிறாள். சொன்ன பேச்சு கேட்ட மற்ற மூன்று குட்டிகளுக்கும் ரொட்டி, பால், பெர்ரிப் பழம். தண்டனை என்று பார்த்தால் பழம் கிடைக்காதது மட்டும்தான்.

இனி நான் சொல்லவேண்டிய முக்கியமான புத்தகத்துக்கு வருகிறேன். மாரிஸ் செண்டாக்கின் ‘வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்’, 1963. மாக்ஸ் என்ற பையன் ஓநாய் வேஷம் போட்டுக்கொண்டு வீட்டை இரண்டாக்குகிறான். சுவரில் ஆணி அடிக்கிறான், முள்கரண்டியைத் தூக்கிக்கொண்டு நாயைத் துரத்துகிறான். அம்மா அதட்டுகிறாள். “உன்னையே தின்றுவிடுவேன்” என்கிறான் அம்மாவைப் பார்த்து. ராத்திரிச் சாப்பாடு கிடையாது, போய்ப் படு என்று அறைக்குள் அனுப்பிவிடுகிறாள். அறையில் காடு முளைக்கிறது. படகேறிப் போய் பூதங்களின் தீவில் ராஜாவாகிறான். கூத்தடிக்கிறான். பிறகு, ஆட்டம் அடங்கட்டும் என்று பூதங்களைச் சாப்பாடு போடாமல் படுக்க அனுப்புகிறான்! அம்மா செய்ததை அப்படியே செய்கிறான். அப்போது எங்கிருந்தோ நல்ல சாப்பாட்டு வாசனை வருகிறது. வீட்டுக்குத் திரும்புகிறான். அறையில் சாப்பாடு காத்திருக்கிறது, சூடாக.

இந்தப் புத்தகம் கையில் கிடைத்தால் படங்களின் அளவைக் கவனியுங்கள். முதல் பக்கத்தில் படம் சின்னதாக, சுற்றிலும் நிறைய வெள்ளை இடத்தோடு இருக்கும். மாக்ஸின் கோபம் ஏற ஏறப் படம் பெரிதாகும், வெள்ளை குறையும். காடு வளர்ந்ததும் பக்கம் முழுக்கப் படம். தீவில் கூத்து நடக்கும் இடத்தில் மூன்று விரிபக்கங்களுக்கு ஒரு எழுத்துகூட இல்லை. அங்கே பெரியவர்களுக்கு வேலை கிடையாது, பிள்ளைதான் கதை சொல்ல வேண்டும். ஜன்னலில் தெரியும் நிலாவையும் பாருங்கள், ஆரம்பத்தில் பிறை, திரும்பி வரும்போது முழு நிலா. கடைசியில் அறை மேசையில் கிண்ணத்தோடு ஒரு துண்டு கேக்கும் இருக்கும். கதையில் கேக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் கிடையாது. நாங்கள் நூலகத்தில் வாராவாரம் கதை படிக்கும் குழுவில் அந்த கேக்கைப் பார்த்துவிட்டு, “அம்மாவுக்குக் கோவம் போயிடுச்சு” என்று ஒரு குட்டிப் பெண் சொன்னாள். அதற்கு மேல் விளக்கவுரை தேவையில்லை.

புத்தகம் வந்த புதிதில் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் அப்போது பெரிய பேராக இருந்த உளவியலாளர் புரூனோ பெட்டல்ஹைம் 1969இல் ஒரு பெண்கள் பத்திரிகையில் இதைக் கண்டித்து எழுதினார். பூதங்களைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. உணவும் பாதுகாப்பும் தரும் முதல் ஆளான அம்மாவே பட்டினியாகப் படுக்க அனுப்புவது குழந்தைக்கு எவ்வளவு பெரிய பயம் என்பது அவருடைய வாதம். பயத்தைச் சரியாகத்தான் பிடித்தார். ஆனால் அவர் புத்தகத்தைப் படித்திருக்கவில்லை. தாய்மார்கள் சொன்னதைக் கேட்டு எழுதினார். கடைசிப் பக்கம் வரை போயிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பாரோ என்னவோ. செண்டாக்கின் பூதங்கள் எங்கிருந்து வந்தன தெரியுமா? புரூக்ளினில் அவர் சிறுவனாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்து, கன்னத்தைக் கிள்ளி, “அப்படியே தின்றுவிடலாம் போலிருக்கிறது” என்று கொஞ்சிய மாமா, அத்தைமார்களிடமிருந்து. நம் வீட்டுக் கல்யாணங்களில் கன்னம் சிவந்துபோன எந்தப் பிள்ளைக்கும் இது புரியும்.

ஆகவே கடையில் நின்று புத்தகம் புரட்டும்போது நான் முதலில் கடைசி இரண்டு பக்கங்களைப் பார்ப்பேன். சேட்டை செய்த பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டதா, யாராவது சாப்பிடக் கொடுத்தார்களா, அல்லது கட்டியாவது பிடித்தார்களா? ஆம் என்றால் நடுவில் எவ்வளவு சேட்டை இருந்தாலும் கவலையில்லாமல் வாங்குவேன். கடைசிப் பக்கத்தில் பிள்ளை தலை குனிந்து மன்னிப்புக் கேட்க, பெரியவர் விரலை ஆட்டிக்கொண்டு நீதி சொன்னால் திரும்ப அலமாரியில் வைத்துவிடுவேன். நம் ஊர்க் கடைகளில் இரண்டாவது வகைதான் அதிகம்.

டேவிட் ஷானனின் ‘நோ, டேவிட்!’ (1998) முதல் வகைக்கு நல்ல உதாரணம். ஐந்து வயதில் ஷானன் தானே ஒரு புத்தகம் செய்தாராம். ‘நோ’, ‘டேவிட்’ இரண்டு வார்த்தைதான் எழுதத் தெரியும், அதனால் புத்தகம் முழுக்க அதுதான். பெரியவரானதும் அதையே மறுபடி வரைந்தார். பிஸ்கட் ஜாடிக்கு எக்குகிறான், குளியல் தொட்டியை வழியவிடுகிறான், தட்டில் இருக்கும் சாப்பாட்டை வைத்து ஆள் பொம்மை செய்கிறான், துணியில்லாமல் தெருவில் ஓடுகிறான். ஒவ்வொரு பக்கத்திலும் அம்மாவின் “வேண்டாம்”. கடைசியில் கட்டிக்கொண்டு “ஆமாம், டேவிட்” என்கிறாள். வார்த்தை ரொம்பக் குறைவு என்பதால் தமிழில் சொல்லிக் காட்டுவதும் எளிது. துணியில்லாமல் ஓடும் பக்கத்துக்குத் தாத்தா பாட்டிகள்தான் அதிகம் சிரிக்கிறார்கள்.

அடுத்தது புலி. ஜூடித் கெர்ரின் ‘த டைகர் ஹூ கேம் டு டீ’ (1968). சோஃபியும் அம்மாவும் சாயங்காலம் டீ குடிக்க உட்காருகிறார்கள். காலிங் பெல். கதவைத் திறந்தால் ஒரு பெரிய புலி, “பசிக்கிறது, நானும் டீ குடிக்கலாமா?” என்கிறது. அம்மா கத்துவதில்லை, “வாங்க, உட்காருங்க” என்கிறாள். மேசையில் இருந்த அத்தனையும், அடுப்பில் வெந்துகொண்டிருந்ததும், ஃபிரிட்ஜில் இருந்ததும், கடைசியில் குழாயில் வந்த தண்ணீரும் காலி. சோஃபி அதற்குள் புலியின் வாலைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். இரவு அப்பா வந்து, சரி, ஓட்டலுக்குப் போகலாம் என்று சொல்ல, நைட்டி மேல் கோட்டு போட்டுக்கொண்டு தெருவில் நடந்து போகிறார்கள். அந்தத் தெருப் படத்தில் புலி நிறத்தில் ஒரு பூனை இருக்கும், முதல் வாசிப்பிலேயே பிள்ளைகள் விரல் வைத்துவிடும். சொல்லாமல் வந்த விருந்தாளி வீட்டையே காலி செய்வது நமக்குத் தெரியாததா! கெர், ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் ஒன்பது வயதில் குடும்பத்தோடு ஜெர்மனியை விட்டு ஓடிவந்தவர். அதனால் அந்தப் புலி நாஜிப் போலீஸின் நிழல் என்று எழுதியவர்கள் உண்டு. புலி புலிதான் என்று அவர் கடைசி வரை சொல்லிவந்தார். நான் ஆசிரியர் பக்கம்.

‘த வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்’ எல்லோருக்கும் தெரிந்தது, எரிக் கார்ல், 1969. துளை போடும் கருவியால் தாள் கட்டில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தபோது, புத்தகத்தைத் தின்னும் புழு என்று அவருக்குத் தோன்றியது. பதிப்பாசிரியர் ஆன் பெனடூஸ்தான் அதைக் கம்பளிப்புழுவாக மாற்றச் சொன்னார். ஓட்டையோடு அச்சடிக்க அமெரிக்காவில் செலவு அதிகம் என்று ஜப்பானில் அச்சடித்தார்கள். உங்கள் மகன் அந்த ஓட்டையில் விரல் விடுவான். விடட்டும், அதற்குத்தான் அது.

ஜப்பான் என்றதும் ‘குரியும் குராவும்’ சொல்லாமல் போக முடியாது. 1963இல் ஒரு குழந்தைகள் மாத இதழில் முதலில் வந்தது. எழுதிய ரியெகோ நகாகவா குழந்தைகள் காப்பகத்தில் ஆசிரியை. படம் வரைந்தவர் அவருடைய தங்கை. இரண்டு வயல் எலிகள் காட்டில் ஒரு ராட்சச முட்டையைப் பார்க்கின்றன. வீட்டுக்குத் தூக்கிப் போக முடியவில்லை. அதனால் வீட்டிலிருந்து வாணலி, மாவு, வெண்ணெய், சர்க்கரை எல்லாவற்றையும் காட்டுக்குக் கொண்டுவந்து அங்கேயே அடுப்பு மூட்டி கேக் செய்கின்றன. வாசனை பிடித்து யானை, சிங்கம், முதலை என்று எல்லாம் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ள, மூடியைத் திறக்கும்போது மஞ்சளாக உப்பிய கேக். மிச்சமான முட்டை ஓட்டில் வண்டி செய்து ஓட்டிக்கொண்டு போகின்றன. வில்லன் இல்லை, நீதி இல்லை. இதைப் படித்த அன்று மாலை வீட்டில் அடுப்பு பற்றவைக்க வேண்டியிருக்கும், தயாராக இருங்கள்.

எப்படிப் படித்துக் காட்டுவது என்று கேட்டீர்கள். மூன்றரை வயதில் எழுத்தைப் படிப்பவர் நீங்கள், படத்தைப் படிப்பவன் அவன். இரண்டும் வேறு வேறு கதை சொல்லும் புத்தகங்களில் அவன் உங்களைவிட முன்னால் போய்விடுவான். பாட் ஹட்சின்ஸின் ‘ரோஸீஸ் வாக்’ (1968) மொத்தமே 32 வார்த்தை. ஒரு கோழி உலாவப் போய், சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வந்தது, அவ்வளவுதான் எழுத்து. படத்தில் ஒரு நரி பக்கத்துக்குப் பக்கம் பாய்ந்து அடிபட்டுக்கொண்டே வருகிறது. அதைப் பற்றி எழுத்தில் மூச்சு இல்லை. ஐலீன் பிரவுனின் ‘ஹண்டாஸ் சர்ப்ரைஸ்’ (1994) இதே தந்திரம். கென்யாவில் ஹண்டா என்ற சிறுமி தோழிக்கு ஏழு பழங்களைக் கூடையில் வைத்துத் தலையில் சுமந்து போகிறாள். தோழிக்கு எந்தப் பழம் பிடிக்கும் என்று யோசித்துக்கொண்டே நடக்கிறாள். பின்னாலிருந்து குரங்கு வாழைப்பழத்தை எடுக்கிறது, நெருப்புக்கோழி கொய்யாவை, யானை மாம்பழத்தை. அவளுக்குத் தெரியவே தெரியாது. உங்கள் மகன் “ஐயோ, பின்னாடி பாரு!” என்று கத்துவான். அங்கே குறுக்கே புகுந்து “இது என்ன பழம்? என்ன கலர்? எத்தனை இருக்கு?” என்று பரீட்சை வைக்காதீர்கள். பெரும்பாலான வீடுகளில் படப் புத்தகம் செத்துப்போவது இந்தக் கேள்விகளால்தான். பக்கத்தை அவனே புரட்டட்டும். நடுவிலிருந்து ஆரம்பித்தாலும் சரி. அப்புறம், சாப்பிடவைப்பதற்காகப் புத்தகம் காட்டாதீர்கள், அது மொபைல் காட்டி ஊட்டுவதற்கு அண்ணன் தம்பிதான்.

இங்கிலீஷ் புத்தகங்களாகவே சொல்கிறேனே என்று நினைக்கலாம். சேட்டையும் சாப்பாடும் அம்மாவும் ஒன்றாகச் சேரும் கதையில் தமிழுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரியாழ்வாரிடம் போங்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் யசோதையிடம் வந்து புகார் சொல்கிறார்கள். உன் பிள்ளை வெண்ணெயை விழுங்கினான், அது போகட்டும், வெறும் பானையைப் பாறையில் போட்டு உடைத்து அந்தச் சத்தத்தைக் கேட்டு ரசிக்கிறான் என்கிறார்கள். ‘வெறுங்கலத்தை வெற்பிடையிட்டு அதனோசை கேட்கும்’. பிள்ளையைக் கூர்ந்து பார்த்தவர் மட்டுமே எழுதக்கூடிய வரி. ஸ்பூனைத் திரும்பத் திரும்பக் கீழே போட்டுச் சத்தம் கேட்கும் உங்கள் வீட்டுக் குழந்தை செய்வதும் இதுதான். இதைச் சொல்லிப் பாருங்கள், மாமியார் உங்கள் கட்சிக்கு வந்துவிட வாய்ப்பு உண்டு.

‘தோசையம்மா தோசை’ பாட்டும் அரைப் படப் புத்தகம்தான். அப்பாவுக்கு நாலு, அம்மாவுக்கு மூணு, அண்ணனுக்கு ரெண்டு, பாப்பாவுக்கு ஒண்ணு. திருப்பிக் கேட்டால் பூசை. வீட்டில் யாருக்கு என்ன மரியாதை என்பது நாலு வரியில் வந்துவிட்டது, ஹாஃப்மன் பாணி மிரட்டல் உட்பட. நான் சொல்லும்போது எண்ணிக்கையைப் பிள்ளையிடமே விட்டுவிடுவேன். பாப்பாவுக்கு நூறு, அப்பாவுக்கு ஒண்ணு என்று மாறிவிடும். அத்திரிபாச்சா கொழுக்கட்டைக் கதையில் மட்டும் கவனம். மாமியார் வீட்டில் சாப்பிட்ட பலகாரத்தின் பெயரை மறக்காமல் இருக்கச் சொல்லிக்கொண்டே வந்தவன், வாய்க்காலைத் தாண்டும்போது ‘அத்திரிபாச்சா’ என்று குதித்து, அதையே பெயராக நினைத்துக்கொள்ளும் வரை அருமையான கதை. பிறகு மனைவியை அடித்து, நெற்றி கொழுக்கட்டை மாதிரி வீங்கியது என்று முடிப்பார்கள். அதை விட்டுவிட்டு, கால் தடுக்கி விழுந்தவன் நெற்றியே வீங்கியதாகச் சொன்னால் கதைக்கு ஒரு குறையும் வராது. பிள்ளைகள் அதற்கும் உருண்டு சிரிக்கின்றன.

தமிழில் அச்சுப் புத்தகமாக வேண்டும் என்றால் சென்னையின் தூலிகாவிலிருந்து தொடங்குங்கள். 1996 முதல் பல இந்திய மொழிகளில் படப் புத்தகம் போடுகிறார்கள், தமிழும் ஆங்கிலமும் ஒரே புத்தகத்தில் இருக்கும் பதிப்புகளும் உண்டு. சந்தியா ராவ் எழுதி நீனா சப்நானி படம் செய்த, அம்மாவின் புடவையை வைத்து விளையாடும் புத்தகம் அவர்களுடையது. நிஜப் புடவைகளின் புகைப்படத்தின் மேல் வரைந்த குழந்தைகள் ஓடிப் பிடித்து விளையாடும். அட்டையின் உள்பக்கத்தில் புடவை கட்டும் முறை படிப்படியாக இருக்கும். சென்னையிலேயே 1994இல் தொடங்கிய தாரா புக்ஸ் கைவேலைப் பதிப்புகளுக்குப் பேர்போனது, அவற்றுக்கு விலை கூடுதல். கீதா வுல்ஃப் கதைக்கு இந்திரபிரமித் ராய், வார்லி என்ற மகாராஷ்டிரப் பழங்குடி ஓவியப் பாணியில் வரைந்த பசித்த சிங்கத்தை ஒருமுறை புரட்டியாவது பாருங்கள். நேஷனல் புக் டிரஸ்ட் புத்தகங்கள் மலிவு, தரம் ஒன்றுபோல இருக்காது. காசே வேண்டாம் என்றால் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளம். தமிழில் நிறைய இருக்கிறது, முதல் நிலை என்று குறித்திருப்பதை எடுங்கள். திரையில் காட்டுவதைவிட நாலைந்தை அச்செடுத்துத் தைத்துக் கொடுப்பது நல்லது. தாத்தாவோ அப்பாவோ சமைக்கும் கதைகளையும் தேடிச் சேருங்கள். ஏப்ரன் கட்டிய அம்மாக்களே போதுமான அளவு இருக்கிறார்கள்.

மேலே சொன்ன வெளிநாட்டுப் புத்தகங்கள் விலை அதிகம். சென்னையில் இருந்தால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரைப் பக்கம் என்றால் கலைஞர் நூற்றாண்டு நூலகம், இரண்டிலும் குழந்தைகள் பகுதி இருக்கிறது. அங்கே உட்கார்ந்து படித்துப் பார்த்து, மகன் திரும்பத் திரும்ப எதைக் கேட்கிறானோ அதை மட்டும் வாங்குங்கள்.

கற்றுக்கொள்வானா என்ற கேள்விக்கு நேரான பதில்: டேவிட்டைப் பார்த்துவிட்டு ஒருநாள் தட்டில் சோற்றுப் பொம்மை செய்வான். ஆணி அடிக்கவும், தண்ணீரை வழியவிடவும், ஜாடிக்கு எக்கவும் அவனுக்குப் புத்தகம் தேவைப்படவில்லை, அது ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கும். அடுத்த முறை அவன் பாத்திரத்தை உருட்டும்போது “டேவிட், வேண்டாம்!” என்று கத்திப் பாருங்கள். திட்டுக்குத் திட்டும் ஆகும், அவனுக்கும் சிரிப்பு வரும்.